கடிதத்துக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

ஓய்வூதியர் சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார். இளைய தலைமுறை ஊழியர்களுக்குப் பயன்படும்படி இருக்க வேண்டுமாம். பயன்படும்படி என்னிடம் ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் சர்க்காரில் டைப் அடித்தேன். விரல் தேய்ந்தது, கண்ணாடி தடித்தது, அவ்வளவுதான். ஆனால் போன மாதம் ஒரு சான்றிதழ் விஷயமாகத் தக்கலையில் ஓர் ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண் கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் கடிதம் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தைக்குக் கீழே திடீரென்று பச்சை நிறத்தில் நெளிநெளியாக ஒரு கோடு விழுந்தது. என்ன அது என்று கேட்டேன். தப்பு இருந்தால் எந்திரமே கோடு போட்டுக் காட்டிவிடும் என்று பெருமையாகச் சொன்னாள்.

எங்கள் ஆபீசிலும் அப்படி ஒரு எந்திரம் இருந்தது. கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, பத்மநாபபுரத்திலிருந்து தினமும் நடந்தே வரும். பெயர் மாதேவன் பிள்ளை. அவரைப் பற்றி எழுதிவிடலாம் என்று அங்கேயே தீர்மானித்தேன். பயன்படுமா என்பதைச் செயலாளர் பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ஞானபாய். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாள் இங்கிலீஷ் சொல்லித் தந்தார். தப்பாகப் பேசினால் அடிக்கமாட்டார், அழுதுவிடுவார். அவர் அழுவதைப் பார்க்கப் பயந்தே நான் இங்கிலீஷை ஒழுங்காகக் கற்றேன். பிறகு நாகர்கோவிலில் டைப்ரைட்டிங், லோயர், ஹயர், ஒரு பரீட்சை, ஒரு நேர்காணல். 1947-ல் தக்கலையில் பள்ளிக்கூடங்களைக் கட்டி மேய்க்கும் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் என் தெருவில் இருக்கிறார்கள். நான் அந்த ஒரே நாற்காலியில் இருந்தபடி மூன்று ராஜ்யங்களுக்கு டைப் அடித்தேன். முதலில் திருவிதாங்கூர், அப்புறம் திருக்கொச்சி, கடைசியில் மெட்ராஸ். நாற்காலியின் ஒரு கால் மூன்று ராஜ்யத்திலும் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

ஆபீசர் என்று ஒருவர் இருந்தார். மாதத்தில் பாதி நாள் அவர் கேம்ப். மீதி நாளில் கடிதத்தின் ஓரத்தில் மேனேஜரின் இனிஷியல் இருக்கிறதா என்று பார்ப்பார், இருந்தால் கையெழுத்துப் போடுவார். ஆகவே எங்களைப் பொறுத்தவரை சர்க்கார் என்றால் மேனேஜர் மாதேவன் பிள்ளைதான். அவர் கையில் ஒரு பென்சில் இருக்கும். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். இந்தப் பென்சிலை வைத்துத்தான் அவர் ஒரு தாலுகாவின் பள்ளிக்கூடங்களை ஆண்டார்.

இங்கிலீஷில் வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு குட்டிச்சொல் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். டு, ஆஃப், அட், பை, இன், ஆன், வித், ஃப்ரம், ஃபார். இன்ன வினைக்கு இன்ன சொல் என்பதற்கு நியாயம் எதுவும் கிடையாது. எவனோ ஒரு வெள்ளைக்காரன் எப்போதோ சொன்னான், அவ்வளவுதான். மாதேவன் பிள்ளைக்கு மட்டும் அது கல்யாண காரியம். ஒரு வினை யாரோடு வாழ வேண்டும் என்று விதி இருக்கிறதோ அவனோடுதான் வாழ வேண்டும். வேறு ஒருவனோடு நிற்பதைப் பார்த்துவிட்டால் சிவப்பு முனையால் ஒரு வட்டம் போடுவார். பிறகு கூப்பிடுவார்.

கூப்பிட்டால் மேசைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். தலையை நிமிர்த்தமாட்டார்.

"ஏட்டி, இன்சிஸ்டுக்கு பின்னால ஆருட்டி வருவா?"

சரியான சொல் இன்னதென்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். டு என்றால் தலை இடம் வலமாக ஆடும். அட் என்றால் வெற்றிலை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போகும். ஆன் என்றால் எழுந்து ஜன்னலுக்குப் போய், அங்கே இருந்த செம்பருத்திச் செடியின் தலையில் துப்பிவிட்டு வந்து, "ஆ, இப்பம் குடும்பம் ஒழுங்காச்சு" என்பார். பிறகு இனிஷியல். அந்தச் செடி நான் இருந்தவரை பூத்ததே இல்லை.

முதல் வருஷம் எனக்கு இந்த வழிமுறை புரியவில்லை. தப்பில்லாமல் அடித்தால் நல்ல பெயர் வரும் என்று நம்பினேன். மலையோரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஒழுகியது. ஓடு மாற்ற அனுமதி கேட்டு மேலிடத்துக்கு ஒரு கடிதம். நான் அதைப் பளிங்கு போல அடித்து வைத்தேன். மேனேஜர் முதல் தடவை படித்தார். இரண்டாம் தடவை சிவப்பு முனையால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டு படித்தார். மூன்றாம் தடவை படித்து முடித்தபோது அவர் முகம், பசியோடு பந்தியில் உட்கார்ந்தவர் முகம் போல வாடியிருந்தது. பென்சிலைத் திருப்பினார். நீல முனை. ஓரத்தில் எழுதத் தொடங்கினார். எத்தனை ஓடு? எண்ணியது யார்? நாட்டு ஓடா, சீமை ஓடா? எண்ணியவர் கூரைமேல் ஏறி எண்ணினாரா, கீழே நின்று எண்ணினாரா?

அந்தக் கேள்விகள் பள்ளிக்கூடத்துக்குப் போய், பதில் வந்து, அந்தப் பதிலுக்கு மேலே இன்னும் இரண்டு கேள்வி போய், எல்லாம் முடிவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. பிள்ளைகள் வகுப்பில் குடை பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு சொன்னதாகத் தலைமையாசிரியர் எழுதியிருந்தார். நான் தைரியமாக மேனேஜரிடம் போய், கடிதத்தில் தப்பே இல்லையே சார், அன்றைக்கே அனுப்பியிருக்கலாமே என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"பிள்ளே, பென்சில் படாத கடலாசு ஆரும் படிக்காத கடலாசாக்கும். நான் படிச்சேன்னு மேல உள்ளவனுக்கு எப்பிடித் தெரியும்?"

கடலாசு என்றால் எங்கள் மேற்குப் பக்கத்தில் காகிதம். இந்தத் தத்துவத்தை நான் நாலைந்து நாள் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். தலை கிறுகிறுக்க ஒரு கடிதம் அடித்தேன், ஏதோ கரும்பலகை விஷயம். ஆன் வர வேண்டிய இடத்தில் இன் விழுந்துவிட்டது. மேனேஜர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிட்டார். வட்டம், விசாரணை, செம்பருத்தி, இனிஷியல், எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. கரும்பலகை எத்தனை அடி, எந்த மரம், கால் உண்டா இல்லையா என்று ஒரு கேள்வி இல்லை. கடிதம் அன்றைய தபாலிலேயே போய்விட்டது.

இதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் சிவதாணு. நாஞ்சில் நாட்டுக்காரன், சுசீந்திரத்திலிருந்து பஸ்ஸில் வருவான். கடிதங்களுக்கு வரைவு எழுதும் கிளார்க் அவன்தான். அவன் கையெழுத்து கோழி கிண்டியதுபோல இருக்கும் என்பதால் மேனேஜர் அதைத் தொடமாட்டார். அவன் எழுதியதை நான் டைப் அடித்த பிறகுதான் அவர் பார்வைக்கு வைப்போம். திருத்தம் சின்னதாக இருந்தால் அந்தத் தாளே மேலே போகும். மதியம் சோற்றுப் பொதியை அவிழ்க்கும்போது சிவதாணு சொன்னான்.

"ஞானபாயி, பாத்தியா? அந்த மனுசனுக்கு பென்சிலு பசிக்கி. தீனி போட்டாச்சுன்னா பேசாம இருக்காரு. அழகான பிள்ளைக்கு கண்ணு படாம இருக்க கன்னத்தில ஒரு பொட்டு வச்சு விடுவாவல்லா, அதுமாதிரி இனி எல்லாக் கடலாசுக்கும் ஒரு பொட்டு வச்சு விடு."

நான் வேதக்காரி. நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் என் அம்மா தோலை உரித்துவிடுவார். ஆனால் அந்த ஆபீசிலிருந்து போன ஒவ்வொரு கடிதத்துக்கும் எட்டு வருஷம் நான்தான் திருஷ்டிப் பொட்டு வைத்தேன்.

இதிலும் தொழில் நுணுக்கம் உண்டு. கண்ட இடத்தில் கண்ட தப்பைப் போட்டால் டைப்பிஸ்டின் கதி அதோகதி. அப்போதெல்லாம் ஒரு கடிதம் என்றால் மேல்தாளும் நாலு கார்பன் பிரதியும். ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால் மேல்தாளை வட்ட ரப்பரால் சுரண்ட வேண்டும். கார்பன் அழுந்தாமல் இருக்க ஒவ்வொரு கார்பனுக்கும் முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, நாலு பிரதியையும் தனித்தனியாகச் சுரண்ட வேண்டும். பொடியை எந்திரத்துக்குள் விழாமல் ஊத வேண்டும். பிறகு கோடு பிசகாமல் புது எழுத்தை அடிக்க வேண்டும். ரெண்டெழுத்துச் சொல்லை எடுத்துவிட்டு நாலெழுத்துச் சொல்லை வைக்கச் சொன்னால் இடம் கிடையாது. பக்கம் முழுக்க மறுபடி அடிக்க வேண்டும்.

அதனால் நான் அந்தக் குட்டிச்சொற்களை எழுத்தை எண்ணிக் குடும்பம் பிரித்து வைத்திருந்தேன். டு, ஆஃப், அட், பை, இன், ஆன் எல்லாம் இங்கிலீஷில் ரெண்டெழுத்து. வித், ஃப்ரம் நாலெழுத்து. ஃபார் மூன்றெழுத்து, ஒண்டிக்கட்டை. பொட்டு வைத்தால் ஒரே குடும்பத்துக்குள் வைக்க வேண்டும். என் செல்லம் இன்சிஸ்ட் இன். அதில் ஒரே ஓர் எழுத்தைச் சுரண்டினால் போதும், ஆன் ஆகிவிடும். பக்கத்துக்கு ஒரு பொட்டுக்கு மேல் கூடாது. மேனேஜர் கேட்கும்போது எடுத்த எடுப்பில் சரியான பதிலைச் சொல்லவும் கூடாது. இரண்டு தடவை தப்பாகச் சொல்லி, மூன்றாவது தடவை நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொல்ல வேண்டும். நாடகத்தில் நடிக்க என் வீட்டில் விடமாட்டார்கள். ஆபீசில் நான் எட்டு வருஷம் தினமும் நடித்தேன், கைதட்டத்தான் ஆள் இல்லை.

ஒருமுறை சிவதாணு பேராசைப்பட்டு ஒரே பத்தியில் மூன்று பொட்டு வைக்கச் சொன்னான். அன்று மேனேஜர் அவனைப் பாதி நாள் நிற்கவைத்து இங்கிலீஷ் சாம்ராஜ்யம் ஏன் கவிழ்ந்தது என்று விளக்கினார். அவன் மாதிரி ஆட்கள் குட்டிச்சொற்களைக் கெடுத்ததால்தானாம். அதற்குப் பிறகு நாங்கள் அளவோடு இருந்தோம். எங்களுக்குக் குற்ற உணர்ச்சி இருந்ததா என்று கேட்டால், இல்லை. கிணறு வெட்டப்பட்டது, கூரை மாற்றப்பட்டது, வாத்தியார்கள் வேலையில் சேர்ந்தார்கள். மேனேஜரும் தான் இல்லாவிட்டால் இந்த ஆபீஸ் இங்கிலீஷ் தெரியாமல் நாறிவிடும் என்ற திருப்தியோடு தினமும் பத்மநாபபுரத்துக்கு நடந்து போனார்.

1956 ஐப்பசி வந்தது. நவம்பர் முதல் தேதி எங்கள் தாலுகாக்கள் மெட்ராசோடு சேரப்போகின்றன. ஆபீசில் எங்கு பார்த்தாலும் கோப்புக் கட்டுகள். திருவனந்தபுரத்துக்குப் போக வேண்டியவை ஒரு பக்கம், மெட்ராசுக்குப் போக வேண்டியவை ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்று தெரியாதவை நடுவில். மேனேஜர் கேரளத்துப் பக்கமே வேலை வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். வீடு இனி ஒரு ராஜ்யத்தில், வேலை இன்னொரு ராஜ்யத்தில். அந்த நாட்களில் அவர் வெற்றிலையைக்கூட மறந்து உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் பொன்னம்மை டீச்சரின் கோப்பு வந்தது. டீச்சர் அருமனைக்கு உள்ளே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அய்யாவழிக்காரர், நெற்றியில் வெள்ளைக் கோடு, வெள்ளைச் சேலை. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டு வருஷம் முன்பு, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரெல்லாம் ஊர்வலம் போன சமயத்தில், ரோட்டில் கலவரம் என்று கேள்விப்பட்டு, டீச்சர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ரப்பர் தோட்டம் வழியாகக் கையைப் பிடித்து வீட்டில் கொண்டு சேர்த்தார். டீச்சர் பிள்ளைகளை ஊர்வலத்துக்கு அழைத்துப் போனார் என்று எவனோ மொட்டைக் கடுதாசி எழுதினான். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை ஆமை வேகத்தில் நடந்து, இப்போதுதான் அவர்மேல் தப்பில்லை என்று அறிக்கை வந்திருந்தது. அதை எங்கள் ஆபீஸ் பரிந்துரையோடு திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும், அங்கிருந்து உத்தரவு வர வேண்டும். எல்லாம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் முடிய வேண்டும். தவறினால் கோப்பு அந்த நடுக் கட்டில் போய்ச் சேரும். திருவனந்தபுரத்துக்காரர்கள் மெட்ராசைக் கேள் என்பார்கள், மெட்ராஸ் திருவனந்தபுரத்தைக் கேள் என்பான். டீச்சரின் இடத்தில் இருந்த தற்காலிக வாத்தியார் நிரந்தரமாகிவிடுவார்.

டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். யாரிடமும் கெஞ்சமாட்டார். ஒருமுறை தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது என்னிடம் மட்டும் சொன்னார்.

"பிள்ளே, நான் தப்பு செய்யேல்லன்னு ஒரு கடலாசு வந்தா போதும். எனக்க பிள்ளைகளை ஊரில உள்ளவ கள்ளிக்க மக்கான்னு விளிக்கியா."

கள்ளியின் மக்கள் என்று கூப்பிடுகிறார்களாம். அவர் திருடவில்லை, ஆனால் வேலை போனவள் என்றால் ஊருக்கு அதுதான் அர்த்தம். பரிந்துரை நாலு பக்கம். சிவதாணு எழுதிக் கொடுத்த வரைவில் வழக்கம்போல் பக்கத்துக்கு ஒரு பொட்டு வைக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்திருந்தான். நான் அடிக்க உட்கார்ந்தேன். இந்தப் பெண்ணின் பெயரில் இரண்டு வருஷமாகக் கறை பூசியாகிவிட்டது, இந்தக் கடலாசிலாவது ஒரு புள்ளி இருக்கக்கூடாது என்று தோன்றியது. நாலு பொட்டையும் எடுத்துவிட்டேன். அந்த வெள்ளைக்கார அம்மாள் பார்த்தால் ஆனந்தத்தில் அழுதிருப்பார். அப்படி ஒரு சுத்தம். முப்பத்தைந்து வருஷத்தில் நான் செய்த மகா முட்டாள்தனம் அதுதான்.

மேனேஜர் படித்தார். மறுபடி படித்தார். சிவப்பு முனை நாலு பக்கமும் நடந்து வெறுங்கையோடு திரும்பியது. மூன்றாம் வாசிப்பு பாதியில் இருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் எதையாவது கவிழ்த்துக் கொட்டலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் பென்சில் திரும்பிவிட்டது. நீலம். ரப்பர் தோட்டத்து வாட்ச்மேன் அன்றைக்கு டீச்சரையும் பிள்ளைகளையும் பார்த்தானா? அவனுடைய வாக்குமூலம் ஏன் வாங்கப்படவில்லை? வாங்கி இணைத்து மறுபடி வைக்கவும்.

அந்த வாட்ச்மேன் தோட்ட வேலையை விட்டுக் கிழக்கே எந்த மலையில் ஏறினான் என்று யாருக்கும் தெரியாது. அவனைத் தேடவே ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு இருந்தது ஒன்பது நாள். வெளியே வந்தேன். டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து, ஆச்சா என்று கண்ணாலேயே கேட்டார். நாளைக்கு என்று பொய் சொன்னேன்.

வெளிவேலையாகப் போயிருந்த சிவதாணு திரும்பி வந்து கோப்பைப் பார்த்தான்.

"பொட்டு எங்கட்டி?" என்றான்.

எடுத்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டான். அழகாக இருக்கட்டும் என்று எடுத்தேன் என்றேன். அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு, இனி ஒரு பொட்டு பத்தாது, அந்த மனுஷனுக்கு வாட்ச்மேன் மறந்து போகிற அளவுக்கு விருந்து வைக்க வேண்டும் என்றான்.

மறுநாள் ஆபீஸ் திறந்ததுமே வந்து நாலு பக்கத்தையும் புதிதாக அடித்தேன். ஒன்பது பொட்டு. எல்லாம் ரெண்டெழுத்துக் குடும்பம். ஒன்றைவிட ஒன்று அசிங்கம். அடிக்கும்போது எனக்கே வாய் கூசியது. மேனேஜர் வந்து உட்கார்ந்ததும் கொண்டுபோய் வைத்து, நேற்றைய தாளில் சில தப்புகள் தென்பட்டன சார், அதனால் புதிதாக அடித்தேன், ஒரு தடவை பாருங்கள் என்றேன். அவர் நம்பாமல் வாங்கினார். நான் பார்க்காத தப்பு நீ எங்கே பார்த்தாய் என்று முனகினார். இரண்டாவது வரியில் சிவப்பு முனை நின்றது.

அந்த மனிதரின் முகத்தில் பல வாரமாக இல்லாத வெளிச்சம் அப்போது வந்தது. எனக்கு ஒரு நிமிஷம் அவர்மேல் பிரியமாகக்கூட இருந்தது. வெற்றிலைச் செல்லத்தை எடுத்து வைத்துக்கொண்டார். காலை முழுவதும் நான் நின்றேன். ஒன்பது வட்டம், ஒன்பது விசாரணை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தப்புப் பதில், ஒரு நெற்றித் தேய்ப்பு. ஆறாவதுக்கு அவர், உனக்கு உத்தியோகம் கொடுத்தவனைத் தூக்கில் போட வேண்டும் என்றார். ஏழாவதுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. ஒன்பதும் முடிந்தது, இனி இனிஷியல்தான் என்று நினைத்தேன். பென்சில் கடைசி வாக்கியத்துக்குப் போனது. குற்றச்சாட்டிலிருந்து டீச்சர் விடுவிக்கப்படுகிறார் என்ற வாக்கியம். அக்விட் என்ற வினைக்குப் பின்னால் ஆஃப் போட்டிருந்தேன். அது சரி. அதில் நான் கை வைக்கவே இல்லை. அவர் வட்டம் போட்டார்.

"குற்றத்திலே இருந்து விடுதலை. அப்பம் ஃப்ரம் தானட்டி வரணும்? பத்தாச்சு."

இல்லை சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தால் அகராதியை எடுப்பார். அகராதியை எடுத்தால் மத்தியானம் ஆகிவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்தால் வாட்ச்மேன் ஞாபகம் வந்துவிடும். ஃப்ரம்தான் சார் என்றேன். எழுந்து ஜன்னலுக்குப் போய் வந்தார். இனிஷியல் போடப் பேனாவை எடுத்தவர் பாதியில் நிறுத்தி, நேற்று இதில் என்னவோ ஒன்று கேட்டேனே என்று நெற்றியைச் சுருக்கினார். அப்போது சிவதாணு தன் மேசையிலிருந்து மெல்லக் கேட்டான்.

"சார், ஒண்ணாந் தேதிக்கு மேல இதெல்லாம் ஆரு சார் திருத்துவா?"

மேனேஜர் அவனையே பார்த்துக்கொண்டு இருந்தார். கண் கலங்கிவிட்டது. குனிந்து இனிஷியல் போட்டார்.

ஒன்பதையும் சுரண்டி அடித்தேன். பத்தாவதுக்கு ரெண்டெழுத்து இடத்தில் நாலெழுத்து வர வேண்டும். கர்த்தர் கிருபையால் அந்தச் சொல் வரியின் கடைசியில் இருந்தது. மார்ஜின் பட்டனை அமுக்கி ஓரத்துக்குள் இரண்டு எழுத்தை நுழைத்துவிட்டேன். ஆக, அந்தப் பரிந்துரையில் கடைசியாக மிஞ்சிய ஒரே தப்பு மேனேஜருடையது. ஆபீசர் அன்று மாலை கையெழுத்துப் போட்டார். மறுநாள் தபாலில் போயிற்று.

அதற்குள் மேனேஜர் தன் கையாலேயே ஓர் அரைத்தாளில் எனக்கு மெமோ எழுதிவிட்டார். அதிமுக்கியமான கோப்பில் பத்துத் தப்புகள், அலட்சியம், விளக்கம் தேவை. நான் என்ன விளக்குவது? உண்மையைச் சொன்னால் டீச்சரின் பரிந்துரையே செல்லாமல் போய்விடும். வருந்துகிறேன், இனி நேராது என்று எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கப்பட்டார் என்று என் சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. மெட்ராஸ் சர்க்காருக்கு நான் போனபோது அதுவும் கூடவே வந்தது. பதவி உயர்வுக்கு என் பெயர் வந்தபோதெல்லாம் அதை யாராவது வாசித்தார்கள். பாவம், இங்கிலீஷ் போதாது என்றார்கள்.

உத்தரவு முப்பத்தொன்றாம் தேதி காலைத் தபாலில் வந்தது. பொன்னம்மை டீச்சரைக் கூப்பிட்டு மேனேஜர் தன் கையால் கொடுத்தார். அன்று அவருக்கு அந்த ஆபீசில் கடைசி நாள். டீச்சர் அதை நின்றபடியே படித்தார். படித்து முடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அழுதார். நானும் மேசையில் குனிந்துகொண்டு அழுதேன். என் சர்வீசில் ஆபீசில் வைத்து நான் அழுதது அந்த ஒரு நாள்தான், அதில் பாதி சந்தோஷம்.

மேனேஜர் கூச்சப்பட்டு, எனக்கு எதற்கு நன்றி, நான் என் கடமையைச் செய்தேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"டீச்சரே, இது முன்னமே போகவேண்டியதாக்கும். இந்தா இருக்காளே, இவ ஒழுங்கா அடிச்சிருந்தா அன்னைக்கே போயிருக்கும். பத்துத் தப்பு. நான் இருந்து ஒவ்வொண்ணா திருத்தினேன்."

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அழுது சிவந்த கண் மெல்ல மாறுவதை நான் பார்த்தேன். சிவதாணு ஏதோ சொல்ல எழுந்தான். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். மேனேஜர் இன்னும் அரை நாள் அங்கே மேனேஜர்.

டீச்சர் என் மேசைக்கு வந்தார். கோபமாகப் பேசவில்லை. வகுப்பில் மக்குப் பிள்ளையிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்.

"மக்கா, இனியாவது பாத்து அடி. ஒனக்கு அது ஒரு எழுத்து. எனக்கு ரெண்டு வருசமாக்கும்."

"சரி டீச்சர்" என்றேன்.

உத்தரவை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, அருமனை பஸ் போய்விடும் என்று அவசரமாகப் படியிறங்கினார். மறுநாள் காலை அவருக்குப் பள்ளிக்கூடம்.